மனம் சமமாக இருப்பதும் மரத்துப்போவதும் ஒன்றா? தியானத்தில் உட்காருகிறவர்கள் சொல்லுங்கள்

செம்மண்:

தேவகோட்டைப் பக்கம் ஊர். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாகவே வாழ்க்கை மேலும் கீழுமாகத்தான் போகிறது. கூட்டாளி விலகியதில் கடையில் பண முடை, அப்புறம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை, அதற்கு நடுவே மகளுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம், இப்போது ஊரில் இருக்கிற பொது வீட்டை வைத்துப் பங்காளிகளுக்குள் பேச்சு. விபாசனா முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து காலையும் மாலையும் உட்காருகிறேன். முதலில் மூச்சைக் கவனிப்பது, பிறகு உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடம்பில் என்னென்ன எழுகிறதோ அதைப் பார்த்துக்கொண்டே வருவது, பிடித்தது வந்தால் இறுக்கிக்கொள்ளாமலும் பிடிக்காதது வந்தால் தள்ளாமலும் இருப்பது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

போன வாரம் பங்காளி ஒருவர் போன் செய்து, இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில், இருக்கிற தேக்குத் தூண்களைக் கழற்றி விற்றுவிடலாம், பழைய சாமான் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலை பேசியாகிவிட்டது என்றார். முன்பென்றால் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தம் போட்டிருப்பேன். இந்தத் தடவை "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோபமே வரவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி, "இனிமேல் உங்களுக்கு எதுவுமே பெரிசில்லை, அப்படித்தானே? நாளைக்கு எனக்கு ஒன்று என்றாலும் இதே மாதிரி சரி, பார்க்கலாம் என்பீர்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பௌத்தத்தில் உபேக்கா என்று சொல்கிற மனச் சமநிலை இதுதானா, இல்லை நான் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறேனா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

காரைவாசகன்:

அண்ணே, உங்கள் வீட்டம்மா கேட்டதுதான் இந்த விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்வி. பௌத்தர்களே இதை ரொம்ப காலத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், உபேக்காவுக்குத் தூரத்துப் பகை, பக்கத்துப் பகை என்று இரண்டைச் சொல்கிறது. தூரத்துப் பகை ஆசையும் வெறுப்பும். அவை வந்தால் நமக்கே தெரிந்துவிடும். பக்கத்துப் பகை அறியாமையில் பிறக்கிற அலட்சியம். அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அதுவும் குணத்தையும் குற்றத்தையும் கண்டுகொள்ளாமல் இருப்பதால் வெளிப்பார்வைக்கு உபேக்கா போலவே இருக்கிறது.

வித்தியாசம் எங்கே என்று நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். அந்தப் போன் வந்த நிமிஷத்தில் உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சு சூடானது, தொண்டை இறுகியது, அதைப் பார்த்தீர்கள், அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தணிந்தது, அதற்குப் பிறகு வாயில் "சரி, பார்க்கலாம்" வந்தது என்றால் நீங்கள் நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள். எதுவுமே தெரியவில்லை, இந்தத் தொல்லை முடிந்தால் போதும் என்று போனை வைத்தீர்கள் என்றால் அது ஒதுங்கிப் போவது. வெளியே கேட்பவருக்கு இரண்டும் ஒரே வார்த்தைதான். இன்னொரு சோதனையும் இருக்கிறது: பார்க்கலாம் என்று சொன்னீர்களே, அதற்குப் பிறகு போய்ப் பார்த்தீர்களா?

அப்புறம் ஒன்று. மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கா என்று நான்கையும் ஒரு வரிசையில் வைத்திருக்கிறார்கள். முன்னே உள்ள மூன்றையும் நன்றாகப் பழகாமல் நான்காவது கைகூடாது என்பது விசுத்திமக்கத்தின் நிலைப்பாடு. எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்கிற நினைப்பும், அடுத்தவர் துன்பத்தில் இளகுவதும், அடுத்தவர் நன்மையில் மகிழ்வதும் இல்லாத ஒருவருக்குச் சமநிலை என்று வந்தால் அது வெறும் வறட்சியாகத்தான் இருக்கும். முகாமில் கடைசி நாள் மைத்திரி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தினமும் உட்கார்ந்து எழுவதற்கு முன் கொஞ்ச நேரமாவது அதைச் செய்யுங்கள்.

கண்டனூர் ஆச்சி:

நான் முகாமெல்லாம் போனதில்லை, மகளிடம் கற்றுக்கொண்டு பட்டாலையில் உட்காருகிறேன். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு ஆர்டர் எடுத்துப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். தம்பி எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. நீங்கள் எல்லோரும் இறக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏற்றம் வரும்போது என்ன செய்கிறீர்கள்?

புத்தர் எட்டு உலக தர்மங்கள் என்று சொல்லியிருக்கிறார். லாபம், நட்டம், புகழ், புகழின்மை, நிந்தை, பாராட்டு, இன்பம், துன்பம். எட்டில் நாலு நமக்குப் பிடித்தவை. பிடித்த நாலிலும் நாம் ஆடுகிறோம் என்பது எனக்கு அடுப்படியில்தான் விளங்கியது. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மணகோலமும் சீப்புச்சீடையும் அருமை என்று வாட்ஸ்அப்பில் போட்டால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராது, யார் யார் பார்த்தார்கள் என்று போனை எடுத்து எடுத்துப் பார்க்கச் சொல்லும், அந்த வேகத்தில் கேட்ட ஆர்டருக்கெல்லாம் தலையாட்டச் சொல்லும். அதிரசம் கெட்டியாக இருக்கிறது என்று யாராவது எழுதினாலும் அதே மாதிரி தூக்கம் போகும். கண்ணை மூடி உட்கார்ந்து கவனித்தால் பாராட்டில் எழுகிற படபடப்பும் குறையில் எழுகிற படபடப்பும் நெஞ்சில் ஒரே இடத்தில்தான் எழுகின்றன. பெயர்தான் வேறு வேறு. இது தெரிந்த பிறகு யாராவது குறை சொன்னால் முகம் சிவக்காமல் பாகுப் பதத்தைப் போய்ப் பார்க்க முடிகிறது. சொன்னவர் பேரில் கோபமும் இல்லை, வேலையில் அக்கறையும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது, ஏனென்றால் என் கவனம் என்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதில் இல்லாமல் எண்ணெயிலும் மாவிலும் இருக்கிறது.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று உங்களுக்கு உடம்பில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள் தம்பி.

செம்மண்:

ஆச்சி, அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் அப்படியென்றால் பெற்ற மகள் விஷயத்தில் சந்தோஷப்படக் கூடாதா? அதைக்கூடத் தள்ளி நின்று பார்க்கவேண்டும் என்றால் எனக்கு அந்த வழி வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

காரைவாசகன்:

தாராளமாகச் சந்தோஷப்படுங்கள், முதிதை என்பதே அதுதானே. சந்தோஷத்துக்குப் பின்னாலேயே ஒன்று வரும், இவள் இனிமேல் எல்லாப் பரீட்சையிலும் முதலாவதாக வரவேண்டும், நான் ஊரில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்று. அது வருகிறபோது தெரிந்தால் போதும். அந்தப் பெண்ணுக்குத்தான் அதனால் முதல் நன்மை.

குன்றக்குடி அடியவன்:

எல்லாம் படித்தேன், நல்ல விவாதம். மனதில் பட்டதைச் சொல்கிறேன். நம் சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்று ஒரு நிலை சொல்லப்பட்டிருக்கிறது. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்ப நோக்கும் நிலை. அதோடு மலபரிபாகமும், அதாவது உயிரைப் பற்றிய ஆணவ மலம் பக்குவப்படுவதும், சேர்ந்து வரும்போதுதான் சத்திநிபாதம், திருவருள் பதிதல். நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, உரிய நகரக் கோயில்கள் ஒன்பதையும் வைத்துக்கொண்டு, தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிற ஊரில் பிறந்துவிட்டு, பர்மாக்காரர்கள் சொல்லிக்கொடுத்த இந்த விபாசனா வழிமுறையைத் தேடிப் போவது எதற்கு? பாதம் கொப்பளித்தும் முருகா என்று அடுத்த அடி வைக்கிறவனிடம் இல்லாத சமநிலையா? குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

காரைவாசகன்:

ஐயா, பாதயாத்திரை போகிறவர்களிடம் அது இருக்கிறது, நானும் கண்டிருக்கிறேன். போட்டியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன இடத்தில் வழிகள் பிரிவது உண்மைதான். சித்தாந்தத்தில் அந்த ஒப்பு அருளுக்கு வாசல். பௌத்தத்தில் தருகிறவர் என்று ஒருவர் இல்லை, ஒவ்வொரு உயிரும் தன் வினைக்குத் தானே உரிமையாளர் என்று திரும்பத் திரும்பச் சிந்திப்பதுதான் உபேக்கா தியானத்தின் அடிப்படையே.

அதைச் செய்கிற முறையையும் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவரை முதலில் நினைப்பது, தினமும் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கிற, பெயர்கூடத் தெரியாத ஒருவர் மாதிரி. அவர் வாழ்வு அவர் செய்கையைப் பொறுத்தது, நான் விரும்புவதால் மட்டும் அவர் துன்பம் தீர்ந்துவிடாது என்று அவரிடம் மனம் சமமாக நிற்கும். அந்த நிலையை அப்படியே எடுத்துக்கொண்டு அன்புக்குரியவரிடம் போவது, பிறகு உயிர் நண்பரிடம், அதன் பிறகுதான் பகையாளியிடம், கடைசியில் தன்னிடமே. மைத்திரியைத் தன்னிடம் தொடங்குகிறோம், இதைத் தன்னிடம் முடிக்கிறோம். எனக்கு இந்த வரிசை பெரிய உதவியாக இருந்தது. எடுத்த எடுப்பிலேயே பகையாளியை நினைத்து உட்கார்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவோம்.

வெளியூர்ச் சரக்கு என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நகரத்தார் வழிவந்த ஊர் என்று சொல்லப்படுகிற பூம்புகாரில், பல்லவனேசுவரத்தில் அகழ்ந்தபோது புத்த விகாரையே கிடைத்தது. முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் சூடாமணி விகாரை கட்டியதும் நமக்குத் தெரிந்ததுதான்.

பேரேடு:

பர்மா என்று ஒரு சொல் விழுந்ததால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் பெகுவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அவர் கை எழுத்து. எங்கள் வீட்டில் ஒரு கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தோம். 1948இல் சுதந்திரம் வந்ததும் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். 1963இல் பாங்குகள் போயின, 1964இல் கடைகளும் போயின, கையில் இருந்த பெரிய நோட்டும் செல்லாமல் போனது. ஐயா முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லியே முடிந்தார். அந்த வருத்தம் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வந்தது, அப்பச்சியிடமிருந்து எனக்கும் வந்தது. பர்மாவைக் கண்ணால் காணாத நான் பர்மாக்காரர்கள் பேரில் கசப்போடு வளர்ந்தேன்.

அந்தப் பர்மாவில்தான் ஊ பா கின் என்பவர் இருந்தார். 1948இல் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர் ஆனவர், நம் ஆட்களைப் போலவே கணக்கோடு வாழ்ந்தவர். தன் அலுவலகத்து ஆட்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தார், 1952இல் ரங்கூனில் ஒரு தியான மையமும் வைத்தார். மண்டலேயில் 1924இல் பிறந்த கோயங்கா, அவரும் வியாபாரக் குடும்பம்தான், தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அறுபதுகளில் கோயங்காவின் தொழில்களும் அரசுடைமையாகிப் போயின. 1969இல் அவர் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முறையைத்தான் செம்மண் தம்பி கற்று வந்திருக்கிறார். நம் வீடுகளின் சொத்து போன அதே நாட்டில், அதே காலத்தில், இன்னொரு வியாபாரிக்கும் எல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

காரைவாசகன் சொன்ன அந்த வரிசையில் நான்காவது ஆளாக, பகையாளியாக, எனக்கு ஒரு மனிதர் கிடைக்கவில்லை. ஒரு நாடே கிடைத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகினேன். அவசரப்படவில்லை, ரொம்ப காலம் அப்படியே போனது. அப்போதுதான் எங்கள் வீட்டுக் கதையில் இல்லாத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 1930ஐ ஒட்டி நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மியக் குடியானவரால் திருப்பித் தர முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சுமார் 25 சதவீதம். விவசாயம் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்டு வாங்கிய நிலம் இல்லை, கொடுத்த பணத்துக்கு வேறு ஈடு இல்லாமல் வந்த நிலம். இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஒவ்வொரு ஏக்கருக்கும் பின்னால் ஒரு குடும்பம் தன் வயலை விட்டு இறங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் மிஞ்சிய பேரேட்டில் அவர்கள் பெயர் பற்று வரியில் மட்டும் இருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகள் வீட்டில் என்ன கதை சொல்லியிருப்பார்கள்?

செம்மண் தம்பியின் மனைவிக்கு இதுதான் என் பதில். மனம் சமமானால் வலி குறையும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குக் கூடியது. முன்பு எங்கள் நட்டம் ஒன்றுதான் வலித்தது, இப்போது இரண்டு பக்கமும் வலிக்கிறது. ஐயா பேரில் எனக்கிருந்த பாசத்தில் ஒரு அணுகூடக் குறையவில்லை, அவர் ஒரு காசு தப்பாமல் கணக்கு எழுதியவர். குறைந்தது கசப்பு மட்டும். மரத்துப்போன மனதுக்கு இன்னொருவன் வலி தெரிய வழியே இல்லை அம்மா.

தூண் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன் தம்பி. விற்கவேண்டும் என்று அந்தப் பங்காளிக்கு ஏன் தோன்றியது என்று கேட்டீர்களா?

இரவுப்பணி:

மருத்துவமனையில் செவிலியர் வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். பேரேடு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை.

யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். கோபம் வரவில்லை, எதுவும் பெரிதாகத் தெரியவில்லை என்பது தியானத்தால் மட்டும் வருவதில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை, தூக்கம் சரியில்லை, பிடித்த வேலையில்கூட மனம் ஒட்டவில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பார்க்கவேண்டும். செம்மண் அண்ணன் நிறையச் சுமைகளை அடுத்தடுத்துத் தாங்கியிருக்கிறார், அதனால் கேட்கிறேன், இவையெல்லாம் சரியாக இருக்கின்றனவா? முகாம் விண்ணப்பத்தில் மனநலம் பற்றியும் மருந்துகள் பற்றியும் கேட்பார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்காதீர்கள். நாள் முழுக்கக் கண்ணை மூடிப் பேசாமல் உட்காருவது எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் தாங்குகிற விஷயம் இல்லை. தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் கூடவே கூடாது.

என் வேலையில் உபேக்கா இல்லாவிட்டால் கருணை ஒரு வருஷத்தில் தீர்ந்துபோகும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகிற அந்த நாலு அடியில் பாதம் தரையில் படுவதை மட்டும் கவனிப்பேன். முந்தின கட்டிலில் நடந்தது கெட்டதாக இருந்தாலும் அடுத்தவரிடம் புதிதாகப் போய் நிற்க அது உதவுகிறது. சொட்டு மருந்து சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை, அதில் ஒரு சொட்டுக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். பிழைப்பது என் கையில் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கப் பழகாதவர்கள் இந்தத் துறையில் ஒன்று சிடுசிடுப்பாக ஆகிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள்.

குன்றக்குடி அடியவன்:

பேரேடு ஐயா, நானும் பர்மாக் குடும்பம்தான். மௌல்மேன். இதற்குமேல் இப்போது எழுத வரவில்லை. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண்:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி கேட்டதற்கு: தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ஊருக்குப் போய்ப் பங்காளியைப் பார்த்தோம். அவர் ஏன் விற்க நினைத்தார் என்றால், முகப்பில் ஓடு சரிந்து மழைத் தண்ணீர் இறங்குகிறது, வீட்டு வரியும் காவல்காரர் சம்பளமும் இத்தனை காலம் அவர் ஒருவரே கட்டி வந்திருக்கிறார், எங்கள் யாரிடமும் கேட்கக் கூச்சம். இரண்டாங்கட்டைக் கொடுத்து முகப்பைக் காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. நடுவில் அப்பச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அப்போது எனக்குக் கழுத்து வரைக்கும் சூடு ஏறியது, அது ஏறுவது நன்றாகத் தெரிந்தது, பதிலும் கொஞ்சம் உரக்கத்தான் வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. ஓட்டுச் செலவை எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும், பிரித்துக்கொள்வது பற்றி வெளியூரில் இருக்கிறவர்களிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சம்மதிப்பார்களா, தூண்கள் நிற்குமா என்பது இனிமேல்தான் தெரியும். வருகிற வழியில் மனைவி, "உங்களுக்குக் கோபம் வந்ததைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது" என்றாள்.

ஆத்தங்குடி நிழல்:

இப்போதுதான் முழு இழையும் படித்தேன். எனக்கும் முகாமுக்குப் போகவேண்டும் என்று இருக்கிறது. முழங்கால் வலி உண்டு, தரையில் சம்மணம் போட முடியாது. சேர்த்துக்கொள்வார்களா? எவ்வளவு கட்டவேண்டும்? அம்மா என்னோடுதான் இருக்கிறார்கள், அதனால் இடையில் போனில் பேசலாமா?

காரைவாசகன்:

நாற்காலி கொடுப்பார்கள், விண்ணப்பத்திலேயே முழங்கால் விஷயத்தை எழுதிவிடுங்கள். கட்டணம் கிடையாது, தங்க, சாப்பிட எதற்கும் வாங்குவதில்லை. முழு முகாமையும் முடித்தவர் விரும்பினால் மட்டும் தானம் கொடுக்கலாம். சென்னையில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபாசனா மையம் இருக்கிறது, நமக்குத் திண்டுக்கல் பக்கம் இருக்கிற மையம் கிட்டம். முகாம் 10 நாள், காலை 4 மணிக்கு மணி அடிக்கும், பத்தாவது நாள்தான் பேச விடுவார்கள். போனை முதலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் அம்மாவோடு இருக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு அலுவலக எண்ணை வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், தேவை என்றால் உங்களிடம் தகவல் சொல்வார்கள்.